அயல்மொழி கற்போர் கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழகங்களில் இயங்கும் அயல்மொழி மையங்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். அந்த மையங்கள் நடத்தும் சான்றிதழ் வகுப்புகள், பட்டய வகுப்புகள், மொழி நாள் விழாக்கள், பன்னாட்டுத் தேர்வுகளுக்கான பயிற்சி ஆகியவற்றை அது சுருக்கமாக எடுத்துச் சொன்னது. அதைப் படித்துவிட்டு நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்கள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகத் தந்துள்ளோம். பதில் எழுதுபவர் பல்லாண்டுகள் பல்கலைக்கழக மையமொன்றில் ஜெர்மன் மொழி கற்பித்தவர்.

கேள்வி: எங்கள் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தில் அயல்மொழி மையம் இருக்கிறது. அங்கே வகுப்பைத் தவிர வேறு என்ன நடக்கும்? கைப்பேசியிலேயே மொழி கற்றுக்கொள்ளலாம் என்கிறபோது, மலையிலிருந்து இறங்கிச் சென்று சேருவதில் பயன் உண்டா?
— வணிகவியல் மாணவி, கோத்தகிரி

பதில்: பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் பெரும்பாலும் நீங்கள் 'வகுப்பைத் தவிர' என்று சொன்ன பகுதியில்தான் இருக்கிறது. சொற்களையும் இலக்கண விதிகளையும் கைப்பேசிச் செயலி நன்றாகவே கற்றுத் தருகிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எதிரில் ஓர் ஆள் நின்று நாம் எதிர்பாராத ஒன்றைக் கேட்கும்போது, யோசிக்க நேரமில்லாமல் வாய் திறந்து பதில் சொல்லும் பழக்கத்தை அதனால் தர முடியாது.

நல்ல மையங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது உரையாடல் நேரம் வைத்திருப்பார்கள். நாங்கள் அதைச் சந்தைக் கடையாக நடத்துவோம். மேசையில் ஊட்டி கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் பரப்பி, ஒரு தராசும் வைத்து, ஒரு மாணவரைக் கடைக்காரராக நிறுத்துவோம். மற்றவர்கள் ஜெர்மன் மொழியில் மட்டுமே விலை கேட்டு, பேரம் பேசி, வாங்கிச் செல்ல வேண்டும். 'வாஸ் கோஸ்டெட் டாஸ்?' என்று விலை கேட்பதை எல்லோரும் முதல் வாரத்திலேயே கற்றுவிடுவார்கள். பதில் சொல்லும்போதுதான் தடுமாற்றம் வரும். ஜெர்மன் மொழியில் எண்பத்தைந்து என்பதை 'ஐந்தும் எண்பதும்' என்ற வரிசையில் சொல்ல வேண்டும். கடைக்காரர் 85 ரூபாய் என்று சரியாகச் சொல்லியிருப்பார். வாங்குபவர் 58 ரூபாயை எண்ணி நீட்டுவார். எண்களைப் பலமுறை எழுதிப் பார்த்தும் பிடிபடாத அந்த வரிசை, இரண்டு முறை சில்லறை மாறிப்போனதும் மனத்தில் நின்றுவிடுகிறது.

இவை தவிர மொழி நாள் விழாக்கள், துணைவரிகள் இல்லாத திரைப்படக் காட்சிகள், அந்தந்த நாட்டிலிருந்து வரும் பேராசிரியர்களுடன் சந்திப்பு ஆகியவையும் நடக்கும். மையத்தின் அறிவிப்புப் பலகையையும் தவறாமல் பாருங்கள். ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. வழங்கும் உதவித்தொகை, ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகை ஆகியவற்றுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்ற செய்தி முதலில் ஒட்டப்படுவது அங்கேதான். நாள் கடந்தபின் அதைப் பார்த்து வருந்திய நல்ல மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

கேள்வி: நான் செவிலியர் பட்டம் பெற்றவள். ஜெர்மனியில் வேலை வாங்கித் தருவதாகவும், மூன்றே மாதத்தில் பி2 நிலை வரை மொழிப் பயிற்சி தருவதாகவும் ஒரு முகவர் சொல்கிறார். பயிற்சிக்கும் வேலைக்கும் சேர்த்துப் பெருந்தொகை கேட்கிறார். நம்பலாமா?
— வாசகி, குன்னூர்

பதில்: பணம் கொடுக்கும் முன் இக்கடிதத்தை எழுதினீர்களே, அதுவே நல்லது. விரிவாகவே சொல்கிறேன், இதே கேள்வியைக் கேத்தியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வேறு சிலரும் எழுப்பியிருக்கிறார்கள்.

ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு நிலைகள் ஐரோப்பிய மன்றம் மொழித் திறனை அளக்க 2001-ல் வெளியிட்ட பொது அளவுகோலில் உள்ளவை. ஏ1 தொடக்க நிலை, சி2 உச்ச நிலை. ஜெர்மனியில் முழுத் தகுதி பெற்ற செவிலியராகப் பதிவு செய்ய, பொதுவாக பி2 நிலை கேட்கப்படுகிறது. தொடக்கத்திலிருந்து அந்த நிலையை எட்ட ஏறத்தாழ 600 முதல் 800 பாட அலகுகள் தேவை என்று ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனம் கணக்கிடுகிறது. ஓர் அலகு 45 நிமிடம். நடுவாக 700 அலகுகள் என்று வைத்துக்கொண்டால் 525 மணி நேரம் ஆகிறது. நாளுக்கு மூன்று மணி நேரமாக வாரத்துக்கு ஐந்து நாள் படித்தால் 35 வாரங்கள் வேண்டும். இது வகுப்பு நேரம் மட்டுமே. வீட்டில் படிப்பது தனி. இதையே மூன்று மாதத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வகுப்பிலேயே உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தாலும், முதல் மாதத்தில் கற்றது ஊறுவதற்குள் மூன்றாம் மாதப் பாடம் வந்து நிற்கும். பணியில் இருந்துகொண்டே படிக்கிற உங்களுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு என்று திட்டமிடுவதே நியாயமானது.

கோதே நிறுவனத்தின் பி2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் 100. தேர்ச்சிக்கு 60 வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எழுதலாம், அல்லது பிரித்தும் எழுதலாம். ஒரு பகுதியில் மட்டும் தவறினால் அதை மட்டும் மீண்டும் எழுதினால் போதும். நம் பிள்ளைகள் படித்தலிலும் எழுதுதலிலும் எளிதாகத் தேறிவிடுகிறார்கள். கேட்டலும் பேசுதலும்தான் காலை வாருகின்றன. மருத்துவமனையில் உங்களுக்கு வேண்டியதும் அவை இரண்டுமே. இரவுப் பணி முடிந்து நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது, இவருக்கு இடப்பக்கம் வலி, மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தேன், எதைக் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை என்று இரண்டு நிமிடத்தில் பிசகில்லாமல் சொல்ல வேண்டும். பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இப்படி வாய்விட்டுப் பேச வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்றே முதலில் கேளுங்கள்.

பண விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் எவரும் 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயையும் அதற்குரிய ஜி.எஸ்.டி. வரியையும் தாண்டக் கூடாது. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் அவருடைய பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். பயிற்சிக் கட்டணத்தையும் வேலைக் கட்டணத்தையும் ஒன்றாகக் கலந்து, ரசீது இல்லாமல் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தமிழக அரசின் சார்பில் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம். கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளை அனுப்புகிற குடும்பங்கள் மலையில் நிறைய உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: வீட்டில் படுகு பேசுகிறோம், பள்ளியில் தமிழும் ஆங்கிலமும், அப்பாவின் தேயிலை வியாபாரத்தால் கன்னடமும் கொஞ்சம் வரும். இதற்கு மேல் பிரெஞ்சும் படித்தால் எல்லாம் குழம்பிவிடும் என்கிறார்கள். உண்மையா? வகுப்பில் எங்கள் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது.
— கல்லூரி மாணவர், மஞ்சூர்

பதில்: நீங்கள் குறையாக நினைப்பதுதான் உங்கள் பலம். நான்கு மொழிகளுக்கிடையே நாள்தோறும் மாறி மாறிப் பேசும் ஒருவருக்கு, ஒரே கருத்தை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே மொழியில் வளர்ந்த மாணவருக்கு அதைப் புரியவைக்கவே எங்களுக்கு ஒரு பருவம் போய்விடும். தொடக்கத்தில் சில சொற்கள் இடம் மாறி விழும்; கன்னடச் சொல் தேடினால் பிரெஞ்சு வரும். அது சில மாதங்களில் தானே அடங்கிவிடும்.

உச்சரிப்பில் உங்களுக்குள்ள வசதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ் மட்டும் அறிந்தவர்களுக்குச் சொல்லின் முதலில் வரும் வல்லொலியையும் (p) அதன் மெல்லோசையையும் (b) பிரித்துச் சொல்வது பெரும்பாடு. பிரெஞ்சில் ரொட்டியைக் குறிக்கும் சொல்லையும் (pain) குளியலைக் குறிக்கும் சொல்லையும் (bain) பிரித்துக் காட்டுவது முதலில் வரும் பகரத்தின் அந்த வேறுபாடு ஒன்றுதான். படுகும் கன்னடமும் பேசும் உங்கள் காதுக்கு இந்த வேறுபாடு குழந்தையிலிருந்தே பழக்கம்.

இன்னொன்றும் உண்டு. 'இ' என்று சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு 'உ' என்று சொல்ல உதட்டைக் குவித்தால் வரும் உயிரொலி, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் திரும்பத் திரும்ப வரும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதற்குக் கண்ணாடி முன் நின்று உதட்டைப் பழக்குவார்கள். அதே ஒலி நீலகிரியின் தோடர் மொழியில் இருக்கிறது. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களஆய்வு செய்து தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த அறிஞர் எமனோ, தோடர் மொழியின் உயிரொலி வளத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அயல்மொழி மையங்கள் இந்த மலைமொழிகளைப் பேசும் மாணவர்களைத் தேடி மலைக்கு வர வேண்டும் என்றே நான் சொல்வேன். தோடர்களின் மந்துகளிலிருந்தும் படுகர்களின் அட்டிகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்காருவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. தயங்காமல் முன் வரிசையில் உட்காருங்கள்.

கேள்வி: மகள் பதினோராம் வகுப்பில் சேருகிறாள். மொழிப்பாடமாகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் அள்ளலாம், பிறகு வெளிநாட்டுப் படிப்புக்கும் உதவும் என்கிறார்கள். எடுக்கலாமா?
— பெற்றோர், பண்ணைக்காடு

பதில்: மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால் வேண்டாம். பொறியியல் சேர்க்கைக்கான கட்ஆஃப் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைக் கொண்டே போடப்படுகிறது. மொழிப்பாட மதிப்பெண் அதில் சேராது. வினா விடைகளை மனப்பாடம் செய்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய மாணவர்கள் எங்கள் மையத்தில் சேரும்போது, அவர்களை ஏ1 வகுப்பில்தான் உட்கார வைக்க நேர்ந்தது. பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்கள் பார்ப்பது டெல்ஃப், டால்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் திறன் சான்றிதழ்களை. டெல்ஃப் தேர்வில் நான்கு திறன்களுக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தத் திறனிலும் ஐந்துக்குக் குறையக் கூடாது. பேசத் தெரியாமல் அதைத் தாண்ட முடியாது. தமிழைப் பள்ளியில் முறையாகப் படிக்கட்டும். பிரெஞ்சில் உண்மையான ஆர்வம் இருந்தால் விடுமுறையில் தனியாகத் தொடங்கட்டும். தாய்மொழியில் ஒரு பத்தியைக் கோவையாக எழுதத் தெரிந்த பிள்ளை எந்த மொழியிலும் விரைவில் எழுதப் பழகிவிடும்.

கேள்வி: வட்டக்கானலில் சிறிய தங்கும் விடுதி வைத்திருக்கிறேன். இஸ்ரேலிலிருந்து வருபவர்கள்தான் அதிகம். எபிரேய மொழி படிப்பதா, பிரெஞ்சு படிப்பதா?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: உங்கள் வாசலுக்கு எவர் வருகிறார்களோ அவர்கள் மொழியைப் படியுங்கள். எபிரேய எழுத்துகள் இருபத்திரண்டுதான். வலமிருந்து இடமாக எழுதுவது சில வாரங்களில் பழகிவிடும். விருந்தினர்கள் தங்கியிருக்கும் மாதங்களில் வரவேற்பு, உணவு, வழி, பேருந்து நேரம், உடல்நலம் பற்றிய பேச்சை அவர்களிடமே கேட்டு ஒரு நோட்டில் எழுதிப் பழகினால், சான்றிதழ் இல்லாமலே உங்கள் தொழிலுக்குப் போதுமான அளவு வந்துவிடும். வழிகாட்டியாக உரிமம் பெற்றுப் பிற ஊர்களிலும் பணிபுரிய விரும்பினால் மட்டும் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகியவற்றில் ஒன்றை முறையாகக் கற்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஜப்பானிய மொழியை இணையவழியில் படித்துக்கொண்டிருக்கிறேன். தேர்வுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா? தமிழருக்கு ஜப்பானிய மொழி எளிது என்பது மெய்யா?
— மென்பொருள் பணியாளர், உதகை

பதில்: வாக்கிய அமைப்பைப் பொறுத்தவரை மெய். 'வதாஷி வா கோஹான் ஓ தாபெமாஸ்' என்பதை 'நான் சோற்றை உண்கிறேன்' என்று வரிசை மாறாமல் தமிழாக்கலாம். வினை கடைசியில் வரும். நம் 'ஐ' உருபு நிற்கும் இடத்தில் அவர்களுடைய 'ஓ' நிற்கும். 'டோக்கியோ நி' என்றால் டோக்கியோவுக்கு. குறில் நெடில் வேறுபாடும் இரட்டித்து ஒலிக்கும் மெய்களும் அங்கும் உண்டு. எழுத்தில் அந்தச் சலுகை இல்லை. ஹிரகானா, கதகானா என்ற இரண்டு வரிசைகளிலும் அடிப்படை எழுத்துகள் தலா 46. அவற்றை ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். சீனத்திலிருந்து வந்த 'கஞ்சி' எழுத்துகளில் பொதுப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்தவை 2,136. நாளுக்கு ஐந்து என்று கையால் எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி. ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பது வழக்கம். என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை. நமக்குச் சென்னை ஒரு தேர்வு மையம். விண்ணப்பம் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கி முடிந்துவிடும். இந்தத் தேர்வில் பேசுதலும் எழுதுதலும் கிடையாது. என்3 தேறியும் தொலைபேசியில் இரண்டு வாக்கியம் பேசத் திணறுபவர்கள் இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே இணையவழிப் படிப்போடு வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது எவருடனாவது பேசுங்கள். பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஜூலை தென்மேற்குப் பருவமழைக் காலம், டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். குன்னூர் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டால் அரை நாள் போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி விரைவு வண்டியில் வெள்ளிக்கிழமை இரவே கிளம்பிவிடுங்கள். சனிக்கிழமை கையில் இருக்கும்.

கேள்வி: ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வயது அறுபத்து மூன்று. பேரக்குழந்தைகள் ஜெர்மனியில் வளர்கிறார்கள். இந்த வயதில் என்னைச் சேர்ப்பார்களா?
— வாசகர், வெலிங்டன்

பதில்: பெரும்பாலான மையங்களின் சான்றிதழ் வகுப்புகளுக்கு வயது வரம்பு இல்லை. நினைவாற்றலில் இளைஞர்கள் முந்துவார்கள். வகுப்பு தவறாமல் வருவதில் நீங்கள் முந்துவீர்கள். தேர்வைப் பற்றி எண்ணாமல் சேருங்கள். ஞாயிறுதோறும் பேரக்குழந்தைகளுடன் காணொலியில் பத்து நிமிடம் ஜெர்மன் மொழியில் மட்டுமே பேசுவதென்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தயங்காமல் திருத்துவார்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் அயல்மொழி மன்றம் தொடங்குகிறோம். பல்கலைக்கழக மையத்தோடு சேர்ந்து முதல் ஆண்டில் என்ன செய்யலாம்? ஆட்டம் பாட்டத்தோடு நின்றுவிடக் கூடாது என்று விரும்புகிறோம்.
— உதவிப் பேராசிரியர், உதகை

பதில்: நாள்காட்டியில் மூன்று நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மார்ச் 20 பிரெஞ்சு மொழி நாள், ஏப்ரல் 23 ஸ்பானிஷ் மொழி நாள், செப்டம்பர் 26 ஐரோப்பிய மொழிகள் நாள். ஏப்ரலில் தேர்வு நெருக்கடி இருக்கும் என்பதால் மற்ற இரண்டு போதும்.

செய்வதற்கு உங்கள் மலையிலேயே பொருள் குவிந்து கிடக்கிறது. 1603-ல் ஃபெனிசியோ என்ற பாதிரியார் மலையேறி வந்து தோடர்களைச் சந்தித்து எழுதிய செய்தி போர்த்துகீசிய மொழியில் அமைந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சமயப்பணி அமைப்பைச் சேர்ந்த ஜெர்மானியர் மெட்ஸ், கேத்தியில் பல்லாண்டுகள் தங்கிப் படுகு மொழியைக் கற்று மலைமக்களைப் பற்றி எழுதினார். பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோ 1819-ல் நீலகிரிக்கு வந்தார். சோலைகளில் வெள்ளையாகப் பூக்கும் இம்பேஷியன்ஸ் லெஷெனால்ட்டி என்ற காசித்தும்பை இனம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. பழனி மலையில் செண்பகனூர் இயேசு சபையினர் 1895-ல் நிறுவிய இல்லமும் அதன் அருங்காட்சியகமும் இருக்கின்றன; கொடைக்கானல் கல்லூரிகள் அங்கிருந்து தொடங்கலாம்.

இவற்றை வைத்து நான் பரிந்துரைப்பது ஒரே பணி. உதகைத் தாவரவியல் பூங்காவின் ஐம்பது மரம் செடிகளுக்குத் தமிழ், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மும்மொழிகளிலும் நான்கு வரி விளக்கம் எழுதச் சொல்லுங்கள். மாணவர் இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் செடியைப் பார்த்துத் தமிழில் எழுதட்டும். மற்றவர் அயல்மொழியில் எழுதட்டும். மையத்தின் ஆசிரியர் திருத்தட்டும். திருத்திய படியைப் பூங்கா நிர்வாகத்திடம் முறையாகக் கொடுத்து அனுமதி கேளுங்கள். பலகை வைக்க அனுமதி தாமதமானால், மே மாத மலர்க் கண்காட்சியின்போது வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு வழிகாட்டியாக நின்று வாயாலேயே விளக்க அனுமதி கேளுங்கள். விளக்கங்களை ஜனவரிக்குள் எழுதி முடித்துவிட்டால் திருத்தவும் பேசிப் பழகவும் மூன்று மாதம் கிடைக்கும்.